செம்பேன் ஒழிந்த கதை

அடிலெய்டிலிருந்து தள்ளியிருக்கிற சின்ன ஊரான எங்கள் மல்யாராவில் கடவுளைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் யாரும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். செம்பேனைப் பற்றி மட்டும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டோம். கோதுமை அறுவடை முடிந்து, வடக்கிலிருந்து அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் காற்று வீசத் தொடங்கியதும் அது வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. இலைக்கு அடியில் குடியேறி, சாற்றை உறிஞ்சி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் ஒரு வாரத்தில் பிள்ளை பெறும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு இலையில் கொஞ்சம் தூசி படிந்ததுபோலத்தான் இருக்கும். மெல்லிய வலை கண்ணில் படுகிற அன்று செடியின் சொத்து முழுவதும் கைமாறியிருக்கும். அதிலும் குட்டி ரோஜா என்றால் அதற்குத் தனிப் பிரியம். முழங்கால் உயரம்கூட இல்லாத செடி. தரைச் சூடு நேராக இலையடியில் போய் அடிக்கும். செம்பேனுக்கு அது வெயில்கால பங்களா.

இந்தப் பகைவனோடு மெர்வ் ட்ரெம்பாத் நடத்திய போரையும், அதில் ஊர் திரண்டு வந்து பெற்றுத்தந்த முழு வெற்றியையும் எழுதிவைக்க வேண்டியது அவசியம். எழுதாவிட்டால் யாரும் பேசப்போவதில்லை. ஏன் பேசமாட்டார்கள் என்பது போகப்போகத் தெரியும்.

மெர்வ் நகரசபையில் சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மண் சாலை தவிர வேறெதையும் அவர் வாழ்க்கையில் சமன்செய்ய முயன்றதில்லை. பேச்சு குறைவு. "ம்" என்பதை நாலைந்து விதமாகச் சொல்வார். அதை வைத்தே திருமணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்து மேற்கே சுரங்க வேலைக்கும் அனுப்பிவிட்டார். ரோஜா அவருடையதல்ல. அவர் மனைவி வெர்னாவுடையது.

வெர்னா வேறு இனம். எங்கள் இலையுதிர்காலக் கண்காட்சியில் நடுவராக வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "அந்த அம்மா இருக்காங்களா?" என்பதுதான். நடுவர் பூவைப் பார்ப்பார். வெர்னா நடுவரைப் பார்ப்பார். விதி பிசகினால் தன் பூவுக்குக் கொடுத்த பரிசையே திருப்பிக் கொடுத்துவிடுகிற பெண்மணி. ஒருமுறை தன் பூவில் இதழ் ஒன்று கூடுதலாகத் திறந்திருந்ததைத் தானே சுட்டிக்காட்டி இரண்டாம் இடத்துக்கு இறங்கிக்கொண்டார். முதலிடம் கிடைத்த ரான் பாஸ்கோ இன்றுவரை அந்த அவமானத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

இந்த வெர்னா, விதை போட்டு, முளைத்ததையெல்லாம் கழித்து, கடைசியில் ஒரே ஒரு குட்டி ரோஜாவை உண்டாக்கினார். கட்டைவிரல் நகம் அளவுப் பூ. மேடை ஏறும்வரை யாருக்கும் காட்டமாட்டேன் என்று, பூத்ததை அவர் ஊருக்குக் காட்டவே இல்லை. நிறத்தைச் சொல்வது கடினம். கறுத்துப்போன செப்புப் பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்தால், தேய்த்த இடம் மட்டும் முதலில் ஒரு நிறம் காட்டுமே, அது. தாய்ச்செடியைப் போன கோடைக்கு முந்தின கோடை கொன்றுவிட்டது. அதற்குள் அதன் தண்டிலிருந்து துளிர்க்கண்களை எடுத்துக் காட்டு ரோஜா வேரில் ஒட்டுக்கட்டி மூன்று தொட்டிகளில் வைத்திருந்தார். உலகத்தில் அந்த ரோஜா மொத்தமே வராந்தாவின் கிழக்கோரத்தில் இருந்த அந்த மூன்று தொட்டிகள்தான்.

அதற்குப் பேரும் முடிவு செய்துவிட்டார். ஆனால் சொல்லமாட்டார்.

"மேடை ஏறி பரிசு வாங்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்பார்.

"எங்கிட்டகூடவா?" என்று மெர்வ் கேட்டதாகவும், அது அந்த வருடத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் என்றும் சொல்வார்கள்.

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றாராம் வெர்னா. வாயே திறக்காத மனிதரிடம்.

பிப்ரவரியில் வெர்னாவின் இதயம் தளர்ந்தது. அடிலெய்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் மெர்வைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், டாக்டர்கள் பேசுகிற அந்தப் பஞ்சுப் பேச்சில், குளிர்காலத்தைப் பற்றித் திட்டம் ஏதும் வைக்கவேண்டாம் என்றார். எங்கள் பக்கம் குளிர்காலம் ஜூனில் தொடங்கும்; கண்காட்சி ஏப்ரல் முதல் சனிக்கிழமை. உள்ளே வந்தபோது வெர்னா தலையணையில் சாய்ந்தபடி இருந்தார்.

"என்னய்யா சொன்னான் அந்தப் பையன்?"

"ம்."

"சரி விடு. தொட்டி மூணையும் நீதான் பாத்துக்கணும். ஏப்ரல்ல ஒரே ஒரு தண்டு மேடைக்குப் போனாப் போதும். இலைக்கு அடியில பாரு. கண்ணாடி வச்சுப் பாரு. நீ பாட்டுக்கு நின்ன வாக்குல பாத்துட்டு நல்லாருக்குன்னு வந்து சொன்னே, எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

மெர்வ் வீட்டுக்கு வந்து, மண்டியிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். குடியேற்றம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

செம்பேனுக்கு நல்ல மருந்து தண்ணீர். குழாயை இலைக்கு அடியில் பிடித்து நாள்தோறும் பீச்சினால் பாதி குடும்பம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த வருடம் ஊரில் தண்ணீர்க் கட்டுப்பாடு. தோட்டத்துக் குழாயைத் தொடக்கூடாது. மெர்வ் வாளிக்குள் நின்று குளித்து, அந்தத் தண்ணீரை ஆறவைத்து, கைத்தெளிப்பானில் ஊற்றி, தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் மெக்கானிக் படுப்பதுபோல, இலை இலையாக அடித்தார். தபால் போடுகிற பெண் முதல் நாள் அவர் செத்துக்கிடக்கிறார் என்று நினைத்தாளாம்.

தண்ணீர் போதவில்லை. மெர்வ் தொலைபேசியில் ஒரு பூச்சிப் பண்ணையைப் பிடித்தார். செம்பேனைத் தின்கிற பேன் ஒன்று இருக்கிறது. அதை வளர்த்து, அவரைச்செடியின் இலையில் ஏற்றி, வழியில் சாப்பிட அந்த இலையிலேயே கொஞ்சம் செம்பேனையும் கட்டுச்சோறாக வைத்துத் தபாலில் அனுப்புவார்கள். பெட்டி வந்தது. மாலை வெயில் தாழ்ந்ததும் மெர்வ் அந்த அவரை இலைகளை ரோஜாக் கிளைகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். சில நாள் பொறுத்தால் போதும். மூன்று செடியிலும் சின்னச் சின்ன மொட்டு கட்டியிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. வெர்னாவுக்கு மூச்சுத் திணறுகிறது. மெர்வ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் உதவட்டுமா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்துவிடுவோம். செய்ததை யாரிடமும் சொல்லமாட்டோம், சொன்னால் தம்பட்டம். உதவி பெற்றவரும் யார் செய்தது என்று விசாரிக்கமாட்டார். விசாரித்தால் நன்றி சொல்லவேண்டி வரும், இரண்டு பேருக்கும் முகம் சிவக்கும். இப்படித்தான் கால் முறிந்து கிடந்த ஓட்டன்ஸின் வயலை அண்டைவீட்டுக்காரர் விதைத்துவிட்டுப் போக, அடுத்த நாள் அதற்கடுத்த வீட்டுக்காரர் உழுது மறுபடி விதைத்தார். அந்த வருடம் அங்கே எதுவும் விளையவில்லை. எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது.

மெர்வ் போன மறுநாள் நாற்பத்தொரு டிகிரி என்று வானொலியில் சொன்னார்கள். முழு நெருப்புத் தடை, வெட்டவெளியில் யாரும் அடுப்புகூடப் பற்றவைக்கக்கூடாது.

காலையில் ரான் பாஸ்கோ வந்தார். கண்காட்சி சங்கத் தலைவர். ஊருக்கு வெளியே சின்னத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். திராட்சைக்கு அவர் அறிந்த மருந்து கந்தகம். வயிற்றுவலி தவிர எல்லாவற்றுக்கும் கந்தகம்தான் என்பது அவர் கட்சி. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, தூள் அடிக்கிற துருத்தியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்து, மூன்று செடிகளுக்கும் மேலும் கீழும் மஞ்சளாக அடித்துவிட்டுப் போனார். அந்த வெயிலில் கோட்டுப் போட்டு ஒருவர் போவதைப் பார்த்தும் யாரும் எதுவும் நினைக்கவில்லை. ஏதோ உதவி நடக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நடுப்பகலில் டாட் நோஸ்கே வேலிப் பலகையை நகர்த்திக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள். வெர்னாவோடு நாற்பது வருடப் பழக்கம், அதில் பாதி வருடம் பேச்சுவார்த்தை உண்டு. அவர் கட்சி வெள்ளை எண்ணெய். சமையல் எண்ணெயையும் பாத்திரம் கழுவுகிற எலுமிச்சை சோப்புத் திரவத்தையும் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் பால்போல் வரும். தண்ணீரில் கலந்து அடித்தால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். முதலில் அவர் கண்ணில் பட்டது ரோஜாக் கிளையில் தொங்கிய அவரை இலைகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இலை முழுக்கப் பேன் ஊர்ந்தது. யாரோ வேண்டாதவர்கள் நோயைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள் என்று பதறி, ஒன்று விடாமல் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, குப்பைத்தொட்டியில் எறிந்தார். பிறகு எண்ணெய். மிச்சம் வைக்காமல்.

கந்தகம் பட்ட இலையில் எண்ணெய் படக்கூடாது; ஒரு மாத இடைவெளியாவது வேண்டும். வெயில் கடுமையான நாளில் இரண்டில் எதையும் தொடவே கூடாது. இது டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. ரானுக்கும் தெரியும், டாட்டுக்கும் தெரியும். ஒருவர் வந்தது மற்றவருக்குத்தான் தெரியாது. மஞ்சள் தூளைப் பார்த்த டாட், அது வடக்குக் காற்றில் வந்த புழுதி என்று நினைத்தாராம்.

சாயங்காலம் போதகர் வந்து செடிகளுக்காக ஜெபித்துவிட்டுப் போனார். அன்று கொடுத்த மருந்துகளில் தீங்கில்லாதது அது ஒன்றுதான்.

நான்கு நாள் கழித்து மெர்வ் வந்தார். வெர்னா இந்தமுறை தப்பித்துவிட்டார். வண்டியை நிறுத்தியவர் கதவைக்கூடச் சாத்தாமல் வராந்தாவுக்குப் போனார். இலைகள் பொரித்த உருளைக்கிழங்குச் சீவல்போல் சுருண்டு, தொட்டதும் நொறுங்கின. மொட்டுகள் கறுத்திருந்தன. குனிந்து முகர்ந்தார். முட்டை அழுகிய வாடையும் எலுமிச்சை சோப்பு வாடையும் கலந்து வந்தது. மல்யாராவில் கந்தகம் யாரிடம் இருக்கிறது, எலுமிச்சை சோப்பு யார் வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வேலிக்கு மேலே டாட்டின் தலை தெரிந்தது.

"வெர்னா எப்படி இருக்கா, மெர்வ்?"

"பரவால்ல."

"வெயில் பாரு, சனியன். என் தக்காளியே வதங்கிப்போச்சு." டாட் செடிப்பக்கம் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். "சாப்புட்டியா?"

"ம்."

"கறி அடைச்சுச் சுட்ட பேஸ்டி வச்சிருக்கேன். வாசல்ல வைக்கிறேன். நான் வச்சேன்னு இல்ல, சும்மா இருந்துச்சு."

சிறிது நேரத்தில் ரானும் அந்த வழியாகத் தற்செயலாக வந்தார். அந்தத் தெரு முட்டுச்சந்து.

"என்னடா மெர்வ், எப்படி இருக்கா உன் வீட்டுக்காரி?"

"பரவால்ல."

ரான் வராந்தாவைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "வெயில்" என்றார்.

"ம்" என்றார் மெர்வ்.

"வெயில்தான்டா. வேற என்ன. எவ்வளவு அடிச்சாலும்... அதாவது எவ்வளவு பாத்துக்கிட்டாலும், இந்த வெயில்ல ஒண்ணும் நிக்காது."

மெர்வ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை. கத்தரிக்கோலை எடுத்து, பச்சை இருக்கிற குச்சிகளைத் தேடித் துண்டு நறுக்கி ஈரமணலில் ஊன்றினார். ஒரு வாரத்தில் அவை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன. தொட்டியிலிருந்த செடிகளும் ஒட்டுக்கட்டிய இடம்வரை கறுத்து இறங்கின. மார்ச் முழுவதும் அவர் தினமும் மண்டியிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்க்க இலை இல்லை. சொல்லியிருந்ததால் பார்த்தார்.

அடிலெய்டில் வெர்னா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பேன் போச்சா?"

"போச்சு."

"சுத்தமாவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"கண்ணாடி வச்சுப் பாத்தியா?"

"தினமும் பாக்குறேன்."

வெர்னா அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இப்போதும் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"இலை எப்படி இருக்கு?"

மெர்வ் ஜன்னலைப் பார்த்தார். கார் நிறுத்துமிடம் தெரிந்தது. "இலை கம்மிதான்."

"வயசாச்சுன்னா எல்லாத்துக்கும் கம்மிதான்" என்றார் வெர்னா. "மேடைக்குக் கொண்டு போ. சொன்னது சொன்னதுதான்."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, கண்காட்சிக் கூடத்தில், 'வளர்த்தவரே உருவாக்கிய குட்டி ரோஜா, ஒரு தண்டு' என்கிற பிரிவில், ஒரு கண்ணாடிக் குப்பியில் ஒரு கறுத்த குச்சி நின்றது. குப்பியை மெர்வ் பளபளவென்று துடைத்திருந்தார். தண்ணீரும் சரியான அளவுக்கு ஊற்றியிருந்தார். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக அந்த மேசைவரை வந்து, பக்கத்து மேசையிலிருந்த ஊறுகாய்ப் பாட்டில்களை மிகவும் கவனமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். டாட்டும் ரானும் ஒரே பாட்டிலை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நடுவர் வெளியூர், விஷயம் தெரியாதவர். குச்சியை நெடுநேரம் பார்த்தார். ரானைக் கூப்பிட்டார்.

"இது என்ன, கேலியா?"

"இல்லீங்க" என்றார் ரான். "போட்டிக்கு வந்த பொருள்."

"அப்படின்னா நான் விதிப்படிதான் எழுதணும்."

"எழுதுங்க. அவங்களும் அதத்தான் சொல்லியிருப்பாங்க."

நடுவர் ஒரு வெள்ளை அட்டையில், விதிமுறைக்கு உட்பட்டதல்ல என்று எழுதிக் குப்பிமேல் சாய்த்துவைத்தார். முதற்பரிசுக்கு நீல அட்டை, இரண்டாவதற்குச் சிவப்பு. வெள்ளைதான் தகுதியிழந்தவர்களுக்கு. மெர்வ் அதை மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே அடிலெய்டுக்கு ஓட்டினார்.

வெர்னா மிகவும் சிறுத்துப்போயிருந்தார். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார். நடுவரின் கையெழுத்தையும் பார்த்தார்.

"பூ இல்லையா?"

"இல்ல."

"இலை?"

"இல்ல, வெர்னி."

"நல்ல தீர்ப்பு. நானா இருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன்." அட்டையைப் போர்வைமேல் வைத்தார். கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "யாரு?"

மெர்வ் சட்டைப்பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"பாவம், டாட்" என்றார் வெர்னா. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. ரானை ஏன் விட்டுவிட்டார் என்றும் தெரியாது.

"பேரு என்னன்னு சொல்லு, வெர்னி."

"பரிசு வாங்குனா சொல்றேன்னேன்."

"அட்டை வாங்கியாச்சே."

"வெள்ளை அட்டை."

"வெர்னி, செடியே இல்ல. மூணும் போச்சு. இனிமே யாரு மேடை ஏறப்போறா? பேராச்சும் இருக்கட்டும்."

மெர்வ் இவ்வளவு நீளமாகப் பேசி வெர்னா கேட்டதில்லை. மெர்வின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். யோசிப்பதுபோல் இருந்தது. மெர்வ் குனிந்து காத்திருந்தார்.

"விதின்னா விதிதான்யா" என்றார் வெர்னா. "அடுத்த வருஷம் கொண்டு போ."

அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார். பேர் அவரோடு போய்விட்டது. மெர்வ் வீட்டில் பைபிளின் ஓரங்கள், சமையல் குறிப்புகள், விதைப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தால் விதிமீறல்.

குளிர்காலம் முழுவதும் அவர் வாசலில் மூடிபோட்ட பாத்திரங்கள் தாமாக முளைத்துக்கொண்டிருந்தன. ஆட்டுக்கறி, கோழி, திரும்பவும் ஆட்டுக்கறி. மெர்வ் அவற்றைத் தின்று, பாத்திரத்தைக் கழுவி, விடியுமுன் உரியவர் வாசலில் வைத்துவிட்டு வந்தார். இந்தப் போக்குவரத்தில் ஊரில் யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பரில் ஒரு தொட்டியில் துளிர் வந்தது.

விஷயம் ஒரே நாளில் பரவியது. பேக்கரியில் சொல்லிக்கொண்டார்கள், பெட்ரோல் பங்கில் சொல்லிக்கொண்டார்கள். போதகர் ஞாயிறு பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் குறிப்பிட்டார். துளிர் நீண்டது, கிளைத்தது, முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது. மெர்வ் முதல் வாரத்திலேயே மண்டியிட்டுப் பார்த்திருந்தார். துளிர் வந்தது ஒட்டுக்குக் கீழே. காட்டு ரோஜா வேர்தான் தழைத்திருக்கிறது. வெர்னாவின் ரோஜா ஒட்டியிருந்த இடத்தில் கறுத்த ஒரு முண்டு மட்டும் இருந்தது. நவம்பரில் அது கொத்துக்கொத்தாக, ஐந்தே இதழில், வெள்ளையாகப் பூத்தது. சாலையோரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பூ.

அன்று மாலை டாட் வேலிப் பலகையை நகர்த்திக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"மெர்வ், நான் இதச் சொல்லக்கூடாது. ஆனா எத்தன மாசமா நெஞ்ச அடைக்குது. அன்னிக்கு நான்தான் வந்து எண்ணெய் அடிச்சேன். கொன்னுட்டேன்னு நெனச்சு எத்தன ராத்திரி தூங்கல தெரியுமா. இப்பப் பாரு, எப்படித் தழைஞ்சிருக்கு. எண்ணெய் மெதுவாத்தான் வேலை செய்யும்போல."

மெர்வ் செடியைப் பார்த்தார். டாட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு வெள்ளையா வரும்னு வெர்னா சொல்லவே இல்லையே" என்றார் டாட்.

"ம்" என்றார் மெர்வ். பிறகு எங்கள் ஊரில் யாரும் சொல்லாததைச் சொன்னார். "நன்றி, டாட்."

டாட் முகம் சிவந்து, வேலியை மூடக்கூட மறந்து ஓடிப்போனார். வாரக்கடைசியில் ரானும் வந்து, கந்தகத்தைப் பற்றித் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மெர்வ் அவருக்கும் நன்றி சொன்னார்.

இப்போது இரண்டு கட்சிக்காரர்களும் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள். வருகிற ஏப்ரலில் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொல்லி மெர்வைக் கேட்பதாக இருக்கிறார்கள். மெர்வ் தினமும் காலையில் மண்டியிட்டு, கண்ணாடியை எடுத்து, இலைக்கு அடியில் பார்க்கிறார். காட்டு ரோஜா, தடித்த இலை. செம்பேன் ஒன்றுகூட அதைச் சீண்டுவதில்லை.